பாறை நிலத்தில் நீர் தேடும் முறை

(கப்பலூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய உரை)



ஆழ்துளைக் கிணறு வறண்டுவிட்டால் நட்டம் கிணற்றோடு நிற்பதில்லை. வாங்கிய கடன் வட்டியோடு வளர்கிறது. அடகு வைத்த நகை மீளாமற் போகிறது. ஆகவே, துளையிடும் வண்டியை அழைப்பதற்கு முன் செய்யவேண்டிய மின்தடை ஆய்வைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

திருப்பரங்குன்றத்தில் கடும் பாறை தலைநிமிர்ந்து நிற்பதைக் காண்கிறோம். நம் கப்பலூர், திருமங்கலம் வட்டாரத்துச் சமவெளியிலும் மண்ணுக்கு அடியில் கடும் பாறையே கிடக்கிறது. ஆற்று மணலைப் போல் அது எங்கும் நீரைத் தாங்குவதில்லை. மேலே சிதைந்து இளகிய பகுதியிலும், கீழே உள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஒருவர் கிணற்றில் நீர் சுரக்க, வரப்புக்கு அப்பால் அடுத்தவர் கிணறு வறண்டு கிடப்பது இதனாலேதான்.

இந்த ஆய்வில் நான்கு உலோக முளைகளை ஒரே நேர்கோட்டில் நடுவார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளி முளைகளை அகற்றி நடநட, மின்சாரம் மேலும் ஆழத்திற்குச் செல்லும். பிரான்சு நாட்டு ஷ்லும்பெர்ஜே 1912ஆம் ஆண்டிலும், அமெரிக்க அறிஞர் வென்னர் 1915ஆம் ஆண்டிலும் வகுத்த வழிகளே இன்றும் கையாளப்படுகின்றன.

சிதையாத பாறையின் தடை ஆயிரம் ஓம்-மீட்டரையும் தாண்டக்கூடும். நீர் ஊறிய சிதைந்த பாறையில் அது பெரும்பாலும் சில பத்துகளாகக் குறைந்துவிடும். ஆனால் தடை குறைந்த இடமெல்லாம் நல்ல நீர் உள்ள இடம் என்று எண்ணிவிடக்கூடாது. களிமண்ணும் உவர் நீரும் தடையைக் குறைத்துக் காட்டும். கரிசல் மண் பரவிய நம் பகுதியில் இதை மறக்கலாகாது. மேலும், ஆழத்திலுள்ள மெல்லிய வெடிப்பு கருவிக்குத் தென்படாமலும் போகலாம். ஆகவே இவ்வாய்வு வெற்றிக்கு உத்தரவாதம் அன்று; தோல்விக்குரிய வாய்ப்பைக் குறைக்கும் துணையே ஆகும்.

அத்துணை பயன்பட நாம் செய்யவேண்டியவை உள. முளைகளை நெடுந்தூரம் நட வேண்டியிருப்பதால் தடையற்ற திறந்த வெளியை ஒதுக்கித் தரவேண்டும். மின்கம்பி, இரும்புக் குழாய், கம்பிவேலி ஆகியவற்றின் அருகே அளத்தல் தவறான முடிவைத் தரும். எல்லாவற்றினும் முக்கியமானது பஞ்சாயத்துப் பதிவேடு ஆகும். ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் ஆழம், பாறை தட்டிய அடி, நீர் கண்ட அடி, கோடையில் நீர்மட்டம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வறண்ட கிணறுகளையும் விடாமல் எழுதுங்கள். ஆய்வாளர் கருவியின் அளவுகளை இவற்றோடு ஒப்பிட்டால்தான் பாறையின் போக்கு விளங்கும்.

பாசனக் கிணற்றுக்கான ஆய்விற்கு வேளாண்மைப் பொறியியல் துறையையும், ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தையும் அணுகலாம்.

இறுதியாக ஒன்று. ஆய்வு நீர் இருக்கும் இடத்தைக் காட்டலாம். நீரை உண்டாக்கித் தராது. மழை நீர் கண்மாயில் தங்கி மண்ணுக்குள் இறங்கினால்தான் பாறை வெடிப்புகள் நிரம்பும். வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரிக் காப்பதும், கிணற்றுக்கு இடம் தேடுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்று கொண்டு செயலாற்றுவோமாக.