சுட்டெலியின்றிக் கணிப்பொறி



மும்பையில் மத்திய ரயில் பாதையை ஒட்டிய பாண்டுப்பில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் கணிப்பொறி புகுந்துவிட்டது. ஊருக்குச் செல்லும் பயணச்சீட்டும் வங்கிக் கணக்கும் இன்று அதன் வழியே நடைபெறுகின்றன. ஆயினும், கை நடுங்குவதால் சுட்டெலியைப் பிடிக்கவியலாத முதியோரும், திரையில் ஓடும் அம்புக்குறியைக் காணவியலாத பார்வையற்றோரும், தம் மறைச்சொல்லைப் பிறரிடம் கூறிவிட்டு, அவர்களுடைய ஓய்வு நேரத்துக்காகக் காத்திருப்பதைக் காண்கிறோம். இந்நிலை வேண்டுவதில்லை.

சுட்டெலி பின்னர் வந்த பொருளேயாகும். அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கெல்பார்ட் அதனைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டியது 1968 டிசம்பரில்தான். அதற்கு முன்பே, சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில், இம்மாநகரின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கணிப்பொறி உருவாகி, 1960இல் இயங்கத் தொடங்கியது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். துளையிட்ட காகித நாடாவே அதற்கு ஆணைகளை ஊட்டியது. மாதுங்காவில் குடியேறிய நம் முன்னோர் பலரும் தட்டெழுத்துப் பயின்ற விரல்களையே முதலாகக் கொண்டு இந்நகரில் வாழ்வு தேடினர். ஆதலின் விசைப்பலகை நமக்குப் புதியதன்று.

விண்டோஸ் கணிப்பொறியில் சில விசைகள் போதும். விண்டோஸ் விசையை அழுத்தி, வேண்டும் செயலியின் பெயரைத் தட்டி, எண்டர் விசையை அழுத்தினால் அது திறக்கும். படிவத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல டேப் விசையும், பின்னோக்கி வர ஷிஃப்ட்டுடன் டேப்பும் உதவும். ஆல்ட்டுடன் டேப் சேர்ந்தால் திறந்துள்ள வேறொரு சாளரத்துக்கு மாறலாம். தவறாகத் தட்டியதைக் கண்ட்ரோலுடன் இஸட் சேர்த்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இதனை அறிந்தவர்க்கு அச்சம் பாதி நீங்கும்.

அம்புக்குறியே தேவைப்படின், இடப்புற ஆல்ட், இடப்புற ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தி, வினவும் கேள்விக்கு இசைவு தரல் வேண்டும். பின்னர் வலப்புற எண் விசைகளில் 8 மேலும், 2 கீழும், 4 இடமும், 6 வலமும் அம்புக்குறியை நகர்த்தும், 5 சொடுக்கும்.

பார்வையற்றோர்க்கு எஃப், ஜே விசைகளின் மீதுள்ள சிறு மேடுகள் விரலுக்கு வழிகாட்டும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் மென்பொருள், திரையிலுள்ள எழுத்தைத் தமிழிலும் படித்துக் காட்டும், விலை ஏதுமில்லை.

சில இணையப் பக்கங்கள் விசைகளுக்கு இணங்குவதில்லை. அது பயன்படுத்துவோரின் குறையன்று, அமைத்தோரின் குறை. மாற்றுத்திறனாளிகளும் மின்னணுத் தகவலை அணுகுவதற்கு ஏற்பாடு வேண்டுமென 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகிறது. அதனைச் சுட்டி முறையிடத் தயங்கலாகாது.

நாளொன்றுக்கு ஒரு விசையாகப் பயில்வோம். வீட்டிலுள்ள முதியோர்க்கும் அருகமர்ந்து பொறுமையுடன் பயிற்றுவிப்போம். அவர்கள் தம் மறைச்சொல்லைத் தாமே தட்டி, தம் பயணச்சீட்டைத் தாமே பெறட்டும்.