குங்கிலியம்



குங்கிலியம் என்றதும் திருக்கடவூர்க் கலயனார் நினைவுக்கு வருவார். மக்கள் பசியால் வாட, நெல் வாங்கி வருமாறு மனைவியார் தம் தாலியைக் கழற்றித் தந்தார். கலயனாரோ எதிரே வந்த வணிகனிடம் அதைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியைப் பெற்றுக் கோயிலில் சேர்த்தார். இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். தாலிப் பொன்னுக்கு ஈடாக நின்ற அப்பொருள் எத்தகையது?

பல மரங்களின் பாலுக்குக் குங்கிலியம் என்ற பெயர் பொதுவாக வழங்குகிறது. வடநாட்டுச் சால மரம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைக் குங்கிலிய மரம், அம்மலையின் மழைக்காடுகளில் ஓங்கி வளரும் கருங்குங்கிலிய மரம் ஆகியவை அவற்றுள் சில. வேலம்பிசின் நீரில் கரையும், குங்கிலியம் கரையாது. நெருப்பில் உருகும்; எண்ணெயோடு கலக்கும். இவ்வியல்பால் அது மரக்கலங்களுக்குக் காப்பாயிற்று. பலகை இணைப்புகளில் நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி நீர் புகாது அடைத்தனர். இப்பணிக்குக் கலப்பற்று என்று பெயர். சித்த மருத்துவர் குங்கிலிய வெண்ணெயைத் தீப்புண்ணுக்கு இட்டனர். இல்லங்களில் அதன் புகை கொசுவை விரட்டியது.

மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளவே இப்பாலைச் சுரக்கிறது. மரத்தின் புண்ணுக்கு அமைந்த மருந்தையே மனிதன் தன் கலத்துக்கும் உடலுக்கும் எடுத்துக்கொண்டான். அதை எடுப்பதில் அளவு வேண்டும். சிறிதளவு கீறி, வடிந்ததைச் சேர்த்து, காயம் ஆறும்வரை மரத்தை விட்டுவைப்பது ஒரு முறை. மிகுதியாகப் பெற விரும்பி, அடிமரத்தைச் சுற்றி வெட்டித் தீ மூட்டுவது மற்றொரு முறை. அவ்வாறு தீப்பட்ட மரம் நலிந்து, நாளடைவில் பட்டுப்போகிறது. கருங்குங்கிலியத்தில் ஆண் மரமும் பெண் மரமும் பெரும்பாலும் வெவ்வேறு. எனவே ஒன்று வீழ்ந்தால், துணையற்று எஞ்சியதும் காய்ப்பின்றி நிற்க நேரும்.

கலயனாரின் தொண்டுக்கு விலை கொடுத்தோர் இருவர்: தாலியைத் தந்த மனைவியார், பாலைத் தந்த மரம். மனைவியாரின் இல்லத்தை அன்றிரவே இறைவன் செல்வத்தால் நிறைத்ததாகச் சேக்கிழார் பாடினார். மரத்தின் இழப்பை நிறைக்க வேண்டியவர் மனிதரே. நறும்புகையைப் பாடும் கவிஞர், அதைச் சுரந்த காயத்தையும் ஒரு வரியிலேனும் நினைப்பது தகும்.