இந்தோனேசியாவின் வண்டிகளும் கலங்களும்



ஒரு நாட்டை அறிய விரும்புவோர் அதன் மலைகளையும் ஆறுகளையும் விளைபொருள்களையும் படிப்பது வழக்கம். முப்பதாண்டுகளுக்கு மேல் பூகோளப் பாடம் நடத்தியவன் நான். அவற்றோடு மற்றொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் அனுபவத்திற் கண்ட உண்மை. அந்நாட்டு மக்கள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு எவ்வாறு சென்றார்கள் என்பதே அது. ஒரு வாகனத்தைக் கண்டால் மூன்று வினாக்களைக் கேளுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அது எதன்மேற் செல்கிறது? அதனைச் செலுத்தும் ஆற்றல் யாது? அதனால் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது? இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு இன்று இந்தோனேசிய நாட்டின் பழைய வாகனங்களைக் காண்போம்.

இந்தோனேசியா 17,000க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. ஆகவே அந்நாட்டின் முதற் பெருவழி கடலே ஆகும். நடு ஜாவாவிலுள்ள போரோபுதூர் என்னும் பௌத்தப் பெருங்கோயில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. அதன் கற்சுவர்களிற் கப்பல்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிலவற்றின் பக்கங்களில், அலைகளிற் கவிழாதிருக்கும் பொருட்டுப் புறக்கட்டைகள் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். இத்தகைய கலம் பெருங்கடலைத் தாங்குமா என்று ஐயுற்றவர்களுக்கு விடை அண்மையிற் கிடைத்தது. அச்சிற்பத்தை மாதிரியாகக் கொண்டு மரத்தாற் கட்டப்பட்ட ‘சமுத்ர ரக்ஷா’ என்னும் கப்பல் 2003 ஆகஸ்டில் ஜகார்த்தாவை விட்டுப் புறப்பட்டது. இந்துமாக்கடலைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 2004 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டை அடைந்தது. அக்கப்பல் இன்று போரோபுதூரிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

கப்பல் என்றேன். இந்தோனேசிய மொழியிலும் கப்பலுக்குக் ‘கப்பால்’ என்றே பெயர். அது தமிழிலிருந்து சென்ற சொல். சொல் மட்டுமா சென்றது? சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னும் பழைய துறைமுகத்துக்கு அருகே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. கற்பூரத்துக்குப் புகழ்பெற்ற அத்துறையை நாடி நம்மவர் கலமேறிச் சென்றனர் என்பதற்கு அக்கல்லே சான்று.

தென் சுலவேசியில் ‘பினிசி’ என்னும் மரக்கலம் கட்டுகிறார்கள். இரண்டு பாய்மரங்களும் ஏழு பாய்களும் உடையது அது. மேனாட்டார் முதலிற் கப்பலின் விலாச்சட்டங்களை நிறுத்திப் பின்னர்ப் பலகைகளை அறைவர். பினிசி கட்டும் தச்சர்களோ பலகைகளை ஒன்றோடொன்று மர ஆணிகளால் இணைத்து உடலை முதலில் எழுப்பி, அதன் பின்னரே உட்சட்டங்களைப் பொருத்துகின்றனர். தந்தை கையைப் பார்த்து மகன் கற்ற கலை அது. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இன்றைய பினிசிகள் பலவற்றில் எஞ்சின் ஓடுகிறது; ஆயினும் உடலைக் கட்டுவது அத்தச்சர்களின் கைத்திறனே.

கடலை அடுத்து ஆறு. கலிமந்தானில் அடர்ந்த காடும் சதுப்பும் மிகுதி. ஆதலின் ஆறே அங்குத் தெரு. பஞ்சர்மாசின் நகருக்கு அருகே, விடியற்காலையில் ஆற்றின்மேலேயே சந்தை கூடும். பெண்கள் ‘ஜுக்குங்’ என்னும் ஒடுங்கிய ஓடங்களிற் காய்கனிகளை ஏற்றித் தாமே துடுப்பு வலித்து வருவார்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். ஜாவாவில் உழவர்கள் எருமையையும் மாட்டையும் பூட்டிய ‘பெடாத்தி’ என்னும் பாரவண்டிகளை நெடுங்காலமாக ஓட்டி வந்தனர். 1808இல் டச்சு ஆட்சியின் தலைவராக வந்த டேன்டெல்ஸ், தீவின் மேற்கே அஞ்ஞர் முதல் கிழக்கே பனாருக்கான் வரை, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய அஞ்சற்சாலையை அமைத்தார். கட்டாய உழைப்பினால் அமைந்த சாலை அது. ஆயிரக்கணக்கானோர் அப்பணியில் மாண்டனர். சாலை முடிந்ததும் நடந்தது யாது? அதிகாரிகளின் குதிரை வண்டிகளும் அஞ்சல் வண்டிகளும் அதில் விரைந்தன. நாட்டு மக்களின் பாரவண்டிகளோ சாலையைக் கெடுக்கும் என்று சொல்லப்பட்டு, பக்கத்திலிருந்த மண்பாதைக்கு ஒதுக்கப்பட்டன. சாலையை இட்டவர் ஒருவர். அதிற் செல்லும் உரிமை பெற்றவர் வேறொருவர். இதனை நினைவில் வையுங்கள்.

பிற்காலத்தில் குதிரை வண்டி பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. இருசக்கர ‘டெல்மான்’, டீலமன் என்ற டச்சுப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. யோக்யகர்த்தாவில் ஓடும் நான்கு சக்கர வண்டி ‘அண்டோங்’. லொம்போக் தீவில் மோட்டார்க் காரின் ரப்பர்ச் சக்கரங்களைப் பூட்டிய குதிரை வண்டிக்குச் ‘சிடோமோ’ என்று பெயர். நகரங்களுக்குள் 1869இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், குதிரை இழுக்கும் டிராம் வந்தது. வெப்ப நாட்டில் அப்பளுவைத் தாங்காமற் பல குதிரைகள் மடிந்தன. பின்னர் நீராவி டிராமும், 1899இல் மின்சார டிராமும் ஓடலாயின.

சுமத்ராவின் கிழக்குக் கரையில், டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்கள் 1860களில் தோன்றின. அங்கே சாலை போடவும் மாட்டு வண்டி ஓட்டவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்களை இன்றும் மேடான் நகரிற் காணலாம்.

இனி, இன்றைய பேச்சின் இதயமான பகுதிக்கு வருகிறேன். அதுதான் ‘பெச்சா’. மூன்று சக்கர மிதிவண்டி; பயணி முன்னே அமர்வார், ஓட்டுபவர் பின்னே இருந்து மிதிப்பார். 1930களில் ஜகார்த்தாவில் தோன்றிய இவ்வண்டி, 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானிய ஆட்சியிற் பெருகியது. பெட்ரோல் அருகி மோட்டார் வண்டிகள் முடங்கியபோது, மனிதனின் கால்களே எஞ்சிய எஞ்சினாயின. நாடு விடுதலை பெற்ற பின்னரும் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவனுக்குப் பெச்சாவே முதற் புகலிடம். பெரும்பாலோர்க்குச் சொந்த வண்டி கிடையாது. உரிமையாளனுக்கு அன்றாட வாடகையைச் செலுத்திய பிறகு எஞ்சுவதே கூலி.

1970களின் தொடக்கத்திலிருந்து ஜகார்த்தா நகராட்சி பெச்சாக்களைக் கட்டுப்படுத்தியது. 1975இல் இந்தியாவிலிருந்து மூன்று சக்கர மோட்டார் வண்டிகள் அங்கே இறக்குமதியாயின. பூனாவில் அவற்றைச் செய்த கம்பெனியின் பெயரான ‘பஜாஜ்’ என்பதே அவற்றின் பெயராயிற்று. 1980களிற் பெச்சாக்கள் ஆயிரக்கணக்கிற் பறிமுதல் செய்யப்பட்டு, ஜகார்த்தா விரிகுடாவிற் கடலுக்குள் தள்ளப்பட்டன. 1988இல் நகரச் சட்டமே அவற்றைத் தடுத்தது.

அரசு கூறிய காரணங்கள் இரண்டு. போக்குவரத்து நெரிசல் ஒன்று. மனிதனை மனிதன் இழுப்பது இழிவு என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. வியர்வை வழிய ஒருவன் மிதிக்க, மற்றொருவன் சாய்ந்து அமர்ந்திருப்பது மனத்துக்கு உவப்பான காட்சியன்று. ஆயினும் கேளுங்கள்: வண்டியைக் கடலில் எறிந்தவுடன் மிதித்தவனின் இழிவு நீங்கிற்றா? 1998இற் பொருளாதார நெருக்கடியால் வேலையிழந்தோர் பெருகியபோது, பெச்சாக்கள் ஜகார்த்தாத் தெருக்களில் மீண்டும் தோன்றின. ஆளுநரே அனுமதி தந்து சின்னாளில் அதனைத் திரும்பப் பெற்றார். 2018இல் மற்றோர் ஆளுநர், குடியிருப்புச் சந்துகளில் மட்டும் அவற்றை ஓட்டலாம் என்றார். இழிவானது வண்டியன்று, வறுமையே என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. வறுமை நீங்காதவரை வண்டி எவ்வாறேனும் திரும்பி வரும்.

யோக்யகர்த்தா வேறு வழியைத் தேர்ந்தது. பெச்சாவையும் அண்டோங்கையும் மரபு வாகனங்களாக ஏற்று, அவற்றை ஒழுங்குபடுத்த 2016இல் அம்மாகாணம் சட்டம் இயற்றியது. மிதிப்பவரின் உழைப்பைக் குறைக்கும் பொருட்டு மின்கலத்தால் ஓடும் பெச்சாக்களும் அங்கு வந்துள்ளன.

2023இல் ஜகார்த்தாவுக்கும் பாண்டுங்குக்கும் இடையே மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் ரயில் தொடங்கப்பெற்றது. நல்லதே. வேகத்தை நான் வெறுப்பவனல்லன். எருமை வண்டிக்குத் திரும்புங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வரவுமில்லை. உங்களிற் சிலர் நாளை பொறியாளராகலாம். சிலர் நகராட்சிகளில் அமர்ந்து ஆணைகளிற் கையொப்பமிடலாம். புதிய சாலையையோ புதிய ஊர்தியையோ வரைபடத்திற் காணும்போது முதலிரண்டு வினாக்களுக்கு உங்கள் கல்வி விடை தரும். மூன்றாவது வினாவை நீங்களாகக் கேட்டாலன்றி எவரும் கேட்கமாட்டார்கள். பழைய வண்டி நிற்கும்போது யார் வீட்டில் அடுப்பு அணைகிறது? அவனுக்குப் புதிய வண்டியில் இடம் உண்டா? இவ்விரண்டுக்கும் விடை கண்ட பின்னர்க் கையொப்பமிடுங்கள்.