வீட்டுக்கு முந்திய கேள்வி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு அறிவொளி ஏற்றிவரும் இச்சங்கத்தின் விழாவில், ஏழைகளுக்கான வீட்டு வசதி குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். கல்விக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். ஒரு குடும்பம் நகரின் எல்லைக்கப்பால் பெயர்க்கப்பட்டால், முதலில் அறுபடுவது பிள்ளையின் படிப்பே ஆகும். ஆகவே, சென்னை நகரில் ஏழைக்கு வீடு எவ்வாறு திட்டமிடப்படுகிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிந்தாக வேண்டும்.

சென்னையில் சாலையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. ஏழைக்கு வீடு கட்டுவதோ மாநில அரசின் வாரியத்தின் பொறுப்பு. 1970-ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் நகரில் 1,202 குடிசைப்பகுதிகள் கண்டறியப்பட்டன. சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதியில் வாழ்வோரை வெளியேற்ற, உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி எவரும் வழக்குத் தொடர இயலாது. ஏழைக்கு இது பெரும் அரண். 1985-இல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் புதிய அறிவிப்பே எழவில்லை. குடிசைகள் மட்டும் பெருகின. அரண் இருந்தும், அதற்குள் இடம் பெறாதோர் பல்லாயிரவர் ஆயினர்.

தொடக்கக் காலத்தில் வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. 1977-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் மற்றொரு வழி பிறந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் அமைத்து மனைகள் பிரிக்கப்பட்டன. பெரிய மனைகளை வசதி படைத்தோர்க்குக் கூடுதல் விலைக்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஏழையின் சிறு மனையின் விலை குறைக்கப்பட்டது. செல்வரும் ஏழையரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினர். நிதிக்கு வழி காண்பது அறிவுக்கு எட்டாத செயலன்று என்பதற்கு இது சான்று.

பின்னர் வந்தவை மானியக் காலங்கள். 2005-இல் தொடங்கிய நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், சென்னை போன்ற பெருநகரங்களில் ஏழையர் வீட்டுச் செலவில் பாதியை மைய அரசு ஏற்றது. 2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், அரசு வாரியம் கட்டும் வீடொன்றுக்கு ரூ. 1.5 இலட்சம் மைய அரசின் பங்காயிற்று. எஞ்சியதை மாநில அரசும் பயனாளியும் ஏற்க வேண்டும். இம்மானியங்கள் கட்டடத்துக்கு உரியவை; நிலத்தின் விலையை அவை ஏற்பதில்லை. நகரின் நடுவிலோ நிலம் பொன்விலை விற்கிறது. ஆகவே வாரியம், நிலம் எளிதில் கிடைக்கும் தொலைவிடங்களை நாடிச் சென்றது. 2000-ஆம் ஆண்டளவில் எழுந்த கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னர் எழுந்த பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 20,000 வீடுகள். 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின், ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. வெள்ளத்துக்கு அஞ்சி அகற்றப்பட்டோர் குடியேறியது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகே!

அன்பர்களே, அரசு கொடுக்காது விட்ட நிலவிலையைக் கொடுத்தவர் யார்? மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டுவேலை செய்து பிழைத்த நம் தாய்மார்கள் கொடுத்தார்கள். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை, அது நன்று. ஆயினும் நாள்தோறும் பயணத்தில் கழியும் பொழுதை யார் ஈடு செய்வார்? கைநழுவிய வேலைக்கும், பாதியில் நின்ற படிப்புக்கும் எந்தக் கணக்கேட்டில் பற்று எழுதப்பட்டுள்ளது?

ஊருக்குப் புறத்தே சேரி என்பது நம் முன்னோர்க்குச் சாதி வகுத்த எல்லை. இக்குடியிருப்புகளில் பெருந்தொகையினர் நம் மக்களே. சாதி வகுத்த அதே எல்லையை இன்று நிலத்தின் விலை மீண்டும் வகுக்கிறது. யாரும் திட்டமிட்டு வகுத்தார் என்று நான் கூற வரவில்லை. விளைவு ஒன்றாகவே இருக்கிறது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. பழுதுற்ற பழைய அடுக்குமாடிகளை இடித்து, அதே இடத்தில் புதியன கட்டும் பணியும் நடைபெறுகிறது. இது வரவேற்கத்தக்கது. பெயரில் வந்துள்ள 'வாழ்விடம்' என்னும் சொல் செயலிலும் நிற்க வேண்டுமாயின், வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் அருகிலிருக்க வேண்டும்.

இங்குக் கற்றுத் தேர்ந்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டால், எத்தனை வீடுகள் என்று மட்டும் கேட்டு அமையாதீர்கள். நிலம் எங்கே? அதன் விலையை யார் ஏற்பார்? பயனாளியின் பங்கு எவ்வளவு, உரிமைப் பத்திரம் எப்போது? இம்மூன்றையும் கேளுங்கள். அரசாணையையும் வரவு செலவுத் திட்டத்தையும் படித்து, எழுதப் படிக்க இயலாத நம் பெற்றோர்க்கு எடுத்துரையுங்கள். இச்சங்கம் ஊட்டிய கல்விக்கு அதுவே தக்க கைம்மாறு.