கரைந்தால்தான் மருந்து

(நம் சங்கத்தின் உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டு, ஈப்போவில் மளிகை வியாபாரம் செய்பவன். எந்த மருந்தைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. மருத்துவர் தந்த மருந்தை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

மாத்திரையை விழுங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்போதுதான் வேலை தொடங்குகிறது. மாத்திரை உடைந்து தூளாக வேண்டும்; தூள் கரைய வேண்டும்; கரைந்தது குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர வேண்டும். பெரும்பாலான மருந்துகள் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. அங்கிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், அதன் பிறகே உடலெங்கும் பரவுகின்றன. கரையாத மருந்து எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், வந்த வழியே போய் வெளியேறிவிடும்.

இதற்கு நம் தோட்டப்புறமே சாட்சி. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டன்மாரை வாட்டியது மலேரியாக் காய்ச்சல். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவைக் குறைக்கும் வழியைக் காட்டினார். வடிகால் எட்டாத இடங்களில் கொய்னாதான் கதி. அந்தக் கொய்னாவில் ஒரு சிக்கல் உண்டு. கொய்னா சல்பேட் ஒரு கிராம் கரைய ஏறக்குறைய 800 மில்லி தண்ணீர் வேண்டும். அதே கொய்னாவை டைஹைட்ரோகுளோரைடு என்ற உப்பாக மாற்றினால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி தண்ணீரே போதும். சல்பேட்டையும் சிறிது அமிலம் சேர்த்துக் கரைக்கலாம். அக்காலத்துக் கொய்னா மிக்சர் அப்படிக் கலக்கியதுதான். குடித்தவர் முகம் சுளித்தார். ஆனால் அந்தக் கசப்பே மருந்து கரைந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கரையாத பொருளை நாக்கு உணராது. மருந்து ஒன்றுதான், கரையும் விதம் வேறு.

இன்று தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. மலேரியா போய், இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆனால் கரைதலின் விதி மாறவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்கும் தாய்மார்கள் உண்டு. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. உடலில் சேரும் அளவு குறைந்துவிடுகிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே பசியாற வேண்டும். காப்பியும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அதற்குத் தடை. இதற்கு நேர்மாறானவையும் உண்டு. படர்தாமரைக்குத் தரும் கிரிசியோபுல்வின் தண்ணீரில் எளிதில் கரையாது. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் நன்றாக உடலில் சேரும். ஆகவே "சாப்பாட்டுக்கு முன்", "சாப்பாட்டுக்குப் பின்" என்று உறையில் எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. அதுவும் மருந்தின் ஒரு பகுதி.

இன்னொன்று மிக முக்கியம். கடையில் கற்கண்டும் விற்கிறேன், சீனியும் விற்கிறேன். கற்கண்டு மெதுவாகக் கரையும். இடித்துப் போட்டால் உடனே கரைந்துவிடும். நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகள் இருக்கின்றன. வயதான தாய்க்கு விழுங்கச் சிரமம் என்று, அன்பினால்தான், பிள்ளைகள் அதை இடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் சேர வேண்டிய மருந்து சிறிது நேரத்தில் இரத்தத்தில் சேர்ந்துவிடும். இனிப்புநீர், இரத்த அழுத்த மாத்திரைகளில் இது ஆபத்து. இடிக்கலாமா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள். விழுங்க முடியாதவருக்கு வேறு வகை மருந்து தர வழியுண்டு.

நோன்பு மாதத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். மூன்று வேளை மாத்திரையைச் சிலர் நோன்பு திறந்ததும் சேர்த்து விழுங்குகிறார்கள். சிலர் மாதம் முழுவதும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வேளையோ இரு வேளையோ போதுமான மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

சரக்கு வாங்கினால் போதாது, அது உரிய இடத்துக்கு, உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியும். மருந்தும் அப்படித்தான். அடுத்த முறை கிளினிக்கில் மருந்து வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எதோடு சாப்பிடுவது? எப்போது சாப்பிடுவது? உடைக்கலாமா, கூடாதா? கேட்பதில் வெட்கமில்லை. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தைத் தருவானாக.