சொந்த வீட்டில் விருந்தினன்



விருந்து என்னும் சொல்லுக்குத் தமிழில் புதுமை என்பதே பழம்பொருள். பின்னரே அது புதிதாய் வந்தவரைக் குறித்தது. கிரேக்கரின் 'ஸெனோஸ்' என்னும் சொல்லோ அயலான், விருந்தினன், விருந்தளிப்போன் ஆகிய மூவரையும் ஒருங்கே குறிக்கும். ஹோமர் பெயரால் வழங்கும் 'ஒடிஸி' காவியம் இந்த ஒரு சொல்லின்மீது நிற்கிறது என்றால் மிகையன்று.

டிராய் நகரப் போரில் 10 ஆண்டும், கடல்வழியில் 10 ஆண்டும் கழித்த ஒடிஸியஸ், ஃபயேசியர் நாட்டில் ஏதுமற்றவனாய்க் கரையேறுகிறான். அரண்மனைக் கூடத்துக் கணப்படுப்பின் சாம்பலில் அமர்ந்தவனை அரசன் ஆல்கினோவஸ் கைப்பற்றி எழுப்பி, தன் அருமை மகனை எழச் செய்து, அவ்விருக்கையிலே அமர்த்துகிறான். உணவு முதலில், பெயர் பிறகு. வந்தவன் தன் பெயரைச் சொல்வது மறுநாள் இரவில்தான். ஒற்றைக் கண்ணன் பாலிஃபீமஸோ இம்முறையைத் தலைகீழாக்குகிறான். கண்டவுடனே யாரென வினவுகிறான். உணவளிப்பதற்கு மாறாக, வந்தவரையே உணவாக்கிக் கொள்கிறான்! ஃபயேசியர் தம் அறத்திற்கு விலையும் கொடுத்தனர். ஒடிஸியஸை ஊர் சேர்த்துத் திரும்பிய அவர்கள் கப்பலைக் கடல் தெய்வமாகிய பொசைடன் கல்லாக்கிவிட்டான். நல்லது செய்தார்க்கு நல்லதே விளையும் என்று சொல்லி ஹோமர் நம்மை ஏமாற்றுவதில்லை.

இனி, ஊர் சேர்ந்த கதை. இதாகாவில் அவன் மனைவி பெனலொப்பியை மணக்க விரும்பிய 108 பேர், நாள்தோறும் அவன் வீட்டிலே உண்டு அவன் மந்தைகளைத் தீர்த்துக்கொண்டிருக்கின்றனர். வீட்டுக்குரியவனோ இரவலன் கோலத்தில் வருகிறான். அவர்களுள் ஆன்டினோவஸ் என்பான் கால்மணையைத் தூக்கி அவன்மேல் எறிகிறான். அதற்கு முன்னரே, பன்றி மேய்க்கும் அடிமையான யூமேயஸ் தன் படுக்கைத் தோலை விரித்து அவனை அமர்த்தி, இரு பன்றிக் குட்டிகளைச் சுட்டுப் படைத்திருந்தான். கொழுத்தவை யாவும் அந்த மணவேட்பாளருக்கே போகின்றன என்று வருந்தவும் செய்தான். இரவில் தன் தடித்த போர்வையையும் கொடுத்தான். எதிரே இருப்பவன் தன் ஆண்டை என்பதை அவன் அறியான். இக்காவியத்தின் தலைசிறந்த விருந்து அரண்மனையிலன்று, இந்தக் குடிசையிலேதான் நடைபெறுகிறது என்பது என் துணிபு.

காவியத்தின் 24 பகுதிகளுள் 13ஆம் பகுதியிலேயே ஒடிஸியஸ் தாய்மண்ணை மிதித்துவிடுகிறான். எஞ்சிய பாதியோ, வீட்டார் அவனை அறிந்து ஏற்பதற்கே செலவாகிறது. கிழநாய் ஆர்கோஸ் அவனைக் கண்டு வாலசைத்து உயிர் விடுகிறது. விருந்தினனுக்குக் கால் கழுவ வந்த செவிலி யூரிக்ளேயா பழந்தழும்பைத் தொட்டு அறிகிறாள். பெனலொப்பி மட்டும் எளிதில் இணங்கவில்லை. மணக்கட்டிலை வெளியே எடுத்துப் போடுமாறு பணிக்கிறாள். வேரோடு நின்ற ஒலிவ மரத்தையே காலாக்கித் தான் செய்த கட்டிலை எவன் பெயர்த்தான் என்று அவன் சினந்த பின்னரே அவனை ஏற்கிறாள்.

கடைசியாகத் தந்தை லேயர்டீஸ். கந்தலுடுத்தித் தோட்டத்தில் மண் கொத்தும் அம்முதியவர், மகன் என்றால் அடையாளம் காட்டு என்கிறார். தழும்பைக் காட்டிய ஒடிஸியஸ், சிறுவனாய்த் தந்தையின் பின்னே ஓடிப் பெயர் கேட்டறிந்த மரங்களை, அன்று அவர் தனக்கெனக் கொடுத்த மரங்களை, எண்ணிச் சொல்கிறான்: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, கொடிமுந்திரி 50 வரிசை. முதியவர் கால் தளர்ந்து மகனைக் கட்டிக்கொள்கிறார்.