ஒரு கால் மட்டும் வீங்கினால்



கெண்டைக்காலில் பெரிய தசைகள் இரண்டு. இரு தலைகளுடன் வெளியே புடைத்துத் தெரிவது ஒன்று. அதன் அடியில் தட்டையாக மறைந்திருப்பது மற்றது. இரண்டும் ஒரே தசைநாணாகிக் குதிக்காலில் முடிகின்றன. நடக்கும்போது இவை சுருங்கி, நாளங்களிலுள்ள இரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளுகின்றன.

என்னைப்போல் கணக்கு எழுதுவோரும், டாக்சி ஓட்டுவோரும், ஊருக்கு விமானத்தில் போவோரும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் இரத்தம் தேங்கி உறையக்கூடும். இடைக்கிடை எழுந்து நடவுங்கள். இருந்தபடியே குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் எண்ணெய் பூசி உருவ வேண்டாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள். உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.